தட்டிப் பார்த்தால் தெரியும்

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கத் தொடங்கியபோது என்னை முதலில் கவர்ந்த பாடம் மீள்தன்மை. கம்பியை அளவோடு இழுத்தால் நீள்கிறது. விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. தகைப்பை விகாரத்தால் வகுத்தால் யங்கின் மட்டு கிடைக்கும். உருக்குக்கு அது ஏறத்தாழ 200 கிகாபஸ்கால். ஆனால் பொருளுக்குள் வெடிப்பு இருந்தால் என்னவாகும் என்று நாங்கள் செய்யும் கணக்குகள் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பவர் எங்கள் உம்மும்மா. சந்தையில் மண்சட்டி வாங்கும்போது ஒவ்வொன்றையும் காதருகே தூக்கி, விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். 'கிண்' என்றால் வாங்குவார். 'டொக்' என்றால் திருப்பி வைத்துவிடுவார். கண்ணுக்குத் தப்பிய வெடிப்பு காதுக்குத் தப்பாது.

வெடித்த சட்டியை நிறுத்துப் பார்த்தால் நிறை குறைந்திருக்காது. ஆனால் வெடிப்பின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு இழுவிசை கடந்து போக முடியாது; சுற்றித்தான் போக வேண்டும். அதனால் அதே விசைக்குச் சட்டி சற்று அதிகமாக வளைந்து கொடுக்கிறது. விறைப்புக் குறைய அதிர்வெண்ணும் குறைகிறது. வெடிப்பின் முகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து சக்தியை விழுங்குவதால் ஓசையும் உடனே அடங்கிவிடுகிறது.

வெடிப்பு எவ்வளவு அகலமாக வாய் திறந்திருக்கிறது என்பதைவிட, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதே முக்கியம். திண்மத்துக்குள் வட்டத் தகடு போன்ற மெல்லிய வெடிப்புகள் ஐதாகச் சிதறியிருந்தால், அவற்றால் குறையும் விறைப்பு ஆரையின் கனத்துக்கு விகிதசமம். ஆரை இரு மடங்கான ஒரே வெடிப்பு, எட்டுச் சிறிய வெடிப்புகளுக்குச் சமமான பாதிப்பைத் தரும்.

இன்னொன்று, இழுத்தால் திறக்கும் வெடிப்பு அழுத்தினால் மூடிக்கொள்ளும். 1960இல் பிரான்சிஸ் பேர்ச் என்ற அமெரிக்க அறிஞர் பாறைகளை உயர் அழுத்தத்தில் வைத்து, அவற்றினூடாக அலை செல்லும் வேகத்தை அளந்தார். அழுத்தம் கூட, முதலில் வேகம் விரைவாக உயர்ந்தது. பாறையிலிருந்த நுண்வெடிப்புகள் மூடிக்கொண்டதே அதற்குக் காரணம். 1965இல் வால்ஷ் என்பவர், வெடிப்புகள் பாறையின் அமுங்கும் தன்மையை எப்படிக் கூட்டுகின்றன என்பதைக் கணித்துக் காட்டினார்.

சென்ற வருடம் இந்தப் பாடம் எங்கள் வீட்டுக்கே வந்தது. நானும் தங்கையும் படுக்கும் அறையில், யன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு வெடிப்பு. பெருநாளுக்கு முன் பூசி மறைத்துவிட வேண்டும் என்றார் உம்மா. விருந்தாளிகள் வருவார்களே என்பது அவரது கவலை. கட்டட வேலை செய்யும் சாச்சா தடுத்தார்.

"பெயின்ட் அடித்தால் வெடிப்பு மறையும் மகள், சுவர் ஒன்றாகாது. இது இன்னும் ஓடுகிறதா என்று முதலில் பார்ப்போம்."

வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதினார். வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தால் ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அந்தப் பெருநாளுக்கு வர்ணம் பூசாத ஒரே அறை எங்களுடையதுதான்.

இரண்டு மாதங்களில் கண்ணாடி உடைந்தது. வெடிப்பும் பென்சில் கோட்டைத் தாண்டி ஒரு விரலளவு போயிருந்தது. கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்து மண்ணை இளக்கியதால், அத்திவாரத்தின் ஒரு மூலை இறங்கியிருந்தது. பாரத்தை அழுத்தமாகத் தாங்கிப் பழகிய சுவர், ஒரு பக்கம் இறங்கியதும் இழுபட்டிருக்கிறது. வர்ணத்துக்கென்று வைத்திருந்த பணத்தில் வாப்பா கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பினார். அத்திவார மூலையையும் பலப்படுத்தினார்.

இப்போது அங்கே வேறொரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைப் பார்ப்பது என் பொறுப்பு. ஏழு மாதங்களாக அது உடையவில்லை. ஒரு வருடம் முழுமையாகக் கடக்கட்டும், பிறகு பூசலாம் என்கிறார் சாச்சா. உம்மாவும் இப்போது அவசரப்படுத்துவதில்லை.