சாவி யார் கையில்?

லயத்தில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும்: வீடு நம்முடையது போல இருக்கும், சுவரைத் தொட வேண்டுமென்றால் துரையின் உத்தரவு வேண்டும். மலிவு விலைக் கைப்பேசியும் அப்படித்தான். எங்கள் வீட்டுப் பழைய ஆண்ட்ராய்டில் 2 ஜி.பி. நினைவகம், 16 ஜி.பி. சேமிப்பு. கம்பெனிக்காரர் ஏற்றி அனுப்பிய செயலிகள் கேட்காமலே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். பேத்தி சிரித்து முடித்த பிறகுதான் கேமரா திறக்கும்!

“ரூட் பண்ணிப் பார்க்கலாம், அப்பா” என்றான் மகன். எல்லா அதிகாரமும் உள்ள கணக்குக்கு லினக்ஸில் ‘ரூட்’ என்று பெயர். பெரிய துரை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால், கைப்பேசியின் தொடக்கப் பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதிலோ, மறைந்த என் தாயார் பேசியனுப்பிய குரல் பதிவுகள் இருந்தன. சாப்பிட்டாயா, மழையில் நனையாதே என்பவைதாம். அனைத்தையும் கணினிக்கு மாற்றி, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்த பிறகே தொடச் சொன்னேன். ஒரு மாலைப்பொழுது அதிலேயே போயிற்று.

பிறகு ‘மேஜிஸ்க்’ என்ற இலவச மென்பொருளால் ரூட் செய்தான். அதனால் மட்டும் வேகம் கூடவில்லை. வேண்டாத செயலிகளை நீக்கிய பின்தான் கூடியது. சேமிப்பு இடம் பெரிதாக மிஞ்சவில்லை.

வங்கிச் செயலி மட்டும் திறக்க மறுத்துவிட்டது. அதில் எனக்குக் கோபமில்லை. துரையின் சாவி திருடன் கையில் சிக்கினால் பெட்டியும் போகுமல்லவா? சம்பளக் கணக்கைப் பார்க்க வீட்டில் ஒரே கைப்பேசிதான் என்றால், நான் ரூட் செய்யச் சொல்லமாட்டேன். எங்களுக்கு இது இரண்டாவது, அப்படியே விட்டுவிட்டோம்.