எங்கள் துறைமுகத்துக்கு வந்த பிரான்ஸ்

உயர்தர இறுதி ஆண்டு ராத்தாமாருக்குப் பிரியாவிடை விருந்து வைப்பது எங்கள் வகுப்பின் கடமை. இம்முறை தொனிப்பொருள் ‘பிரான்ஸ்’ என்று வாக்கெடுப்பில் முடிவாயிற்று. சோடனை, சாப்பாடு, நிகழ்ச்சி நிரல் மூன்றையும் ஒழுங்கு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் கூட்டத்தில் யோசனைகள் மளமளவென்று வந்தன. காட்மட்டையில் ஐஃபில் கோபுரம், நீலம் வெள்ளை சிவப்பில் பலூன், பேக்கரியில் சொல்லிச் செய்விக்கும் எக்லெயார் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அப்போது பின்வரிசையில் இருந்த தோழி ஒருத்தி தன் தலைமறைப்பைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்: “அந்த நாட்டு அரச பாடசாலைக்கு நாங்க இப்படியே போக ஏலுமா?”

யாரும் பேசவில்லை. அவளுடைய சாச்சியின் மகள் அங்கேதான் படிக்கிறாள். காலையில் பாடசாலை வாசலில் தலைமறைப்பைக் கழற்றிப் பைக்குள் வைப்பதும், பின்னேரம் வெளியே வந்ததும் திரும்பக் கட்டிக்கொள்வதும் அவளுக்கு நாளாந்த வழக்கமாம். அரச பாடசாலைகளில் மத அடையாளங்களை வெளிப்படையாக அணிவதைத் தடுக்கும் சட்டம் பிரான்சில் 2004இல் வந்தது. 2023இல் அபாயாவுக்கும் தடை வந்தது. “தொனிப்பொருளை மாற்றுவோம், பூக்கள் என்று வைப்போம்” என்றார்கள் சிலர். “ஒரு விருந்துக்கு ஏன் இவ்வளவு யோசனை?” என்றார்கள் வேறு சிலர். முடிவில்லாமலே கூட்டம் கலைந்தது.

அன்றிரவு வாப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “பிரெஞ்சுக்காரன் நம்மட துறைமுகத்துக்கே வந்தவன்தானே மகள், அதைத் தேடிப் பாருங்க” என்றார். மறுநாள் நூலகத்தில் வரலாற்று ரீச்சரின் உதவியோடு தேடத் தொடங்கினேன்.

1672இல் தளபதி டி லா ஹே தலைமையில் ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை கொட்டியாரக் குடாவுக்கு வந்திருக்கிறது. ஒல்லாந்தரை விரட்ட ஒரு துணை தேடிக்கொண்டிருந்த கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களுக்கு இடம் கொடுத்தான். உணவு குறைந்தது, நோயும் சேர்ந்தது. தளபதி கப்பல்களோடு சோழமண்டலக் கரைக்குப் போய்விட, விட்டுச் சென்ற வீரர்கள் ஒல்லாந்தரிடம் சரணடைந்தார்கள். கண்டிக்குத் தூது போன லானரோல் என்பவரை மன்னன் திரும்ப விடவில்லை. இன்று இலங்கையில் டி லெனரோல் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் அவருடைய வழியில் வந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது.

அடுத்த முறை 1782இல் வந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் படைகளை இறக்கி, இன்று பிரட்றிக் கோட்டை என்று நாம் சொல்லும் கோட்டையையும் ஒஸ்டன்பேர்க் கோட்டையையும் கைப்பற்றினார். செப்டெம்பர் 3ஆம் திகதி கடலில் இரு படைகளும் மோதின. வெற்றி எவருக்கும் முழுமையாகக் கிடைக்கவில்லை. போர் முடிந்து சமாதானம் ஏற்பட்ட பின் துறைமுகம் ஒல்லாந்தரிடம் திரும்பப் போனது. ஒரே ஆண்டில் மூன்று கொடிகளைப் பார்த்த ஊர் நம்முடையது. நாம் மாலையில் காற்று வாங்கப் போகும் கடற்கரையில் நின்று அன்று பீரங்கிச் சத்தத்தைக் கேட்டவர்களை எந்த நாட்டுக்காரனும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

இதைப் படித்தபோது வேறொன்றும் கிடைத்தது. கப்பற்படைத் தலைவனைப் பிரெஞ்சில் ‘அமிரால்’ என்கிறார்கள். அது ‘அமீர்’ என்ற அரபுச் சொல்லில் இருந்து போனது. சீனிக்கு அவர்கள் சொல்லும் ‘சுக்ர்’, அரபியின் ‘ஸுக்கர்’. பருத்திக்கான சொல்லும் அரபியில் இருந்து போனதுதான். நம் மீனவரின் கட்டுமரம் அங்கே ‘கத்தமரான்’ ஆயிற்று. பிரெஞ்சு வாசனைத் திரவியங்களில் பேர்போன ‘வெத்திவேர்’, உம்மா தண்ணீர்ப் பானையில் போடும் நம் வெட்டிவேரேதான்.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். கோபுரத்தையும் பலூனையும் கைவிட்டோம். மண்டபத்தில் நான்கு மேசைகள் வைப்பதென்று முடிவாயிற்று. முதல் மேசையில் துறைமுக வரைபடமும் 1672, 1782 கதைகளும். இரண்டாவதில் சீனி, பஞ்சு, வெட்டிவேர், சின்னக் கட்டுமரம், ஒவ்வொன்றின் அருகிலும் மூன்று மொழிப் பெயர்கள். மூன்றாவது சாப்பாட்டு மேசை. பிரெஞ்சுக்காரரின் கரமல் புடிங்குக்குப் பக்கத்தில் நம் வட்டிலப்பம். இரண்டும் முட்டையும் இனிப்பும் சேர்ந்த உறவுக்காரர்கள்தான். ஜெலட்டின் பற்றிய கவலையும் இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்க்காமல், வீட்டில் இயன்றதைக் கொண்டு வருவதென்று பேசிக்கொண்டோம். கடலுக்குப் போகாத மாதங்களில் எத்தனை வீடுகளில் கை இறுகும் என்பது எங்களுக்குத் தெரியும்.

நான்காவது மேசையைக் கேள்வி கேட்ட தோழியிடமே கொடுத்தோம். அவள் இரண்டு அட்டைகள் எழுதினாள். ஒன்றில், முதலாம் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட முஸ்லிம் வீரர்களின் நினைவாக 1926இல் திறக்கப்பட்ட பாரிஸ் பெரிய பள்ளிவாசல். மற்றதில், 2004ஆம் ஆண்டுச் சட்டம். வசையும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. “ரெண்டும் ஒரே நாடுதான், பார்க்கிறவங்க யோசிக்கட்டும்” என்றாள். விருந்தன்று ராத்தாமார் அதிக நேரம் நின்றது அந்த மேசையில்தான். பெற்றோர் சிலரும் அட்டைகளை இரண்டாம் முறை வாசித்தார்கள்.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை ஏற்கப் போகும் தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். எந்த நாட்டைத் தொனிப்பொருளாக எடுத்தாலும், சோடனைச் சாமான் வாங்கக் கடைக்குப் போகுமுன் நூலகத்துக்குப் போங்கள். அந்த நாடு நம் ஊருக்கு எப்போதாவது வந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். மனம் ஒப்பாத தோழி ஒருத்தி இருந்தால், அவளுக்கும் ஒரு மேசை ஒதுக்கிக் கொடுங்கள்.