சுழியும் முட்டியும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மவர் பழமொழி. விலை கொடுத்து வாங்கிய குதிரைக்கோ பல்லைப் பார்த்தால் மட்டும் போதாது. பல், வயதைச் சொல்லும். இரண்டரை வயதளவில் நடு முன்பற்கள் விழுந்து புதியன முளைக்கும். ஐந்து வயதில் வரிசை நிறைவுறும். அந்த உயிர் உழைத்து நிலைக்குமா என்பதைச் சொல்வன அதன் கால்களே.

எங்கள் பொத்தேரியை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் உண்டு. அங்கே வருகிறவர்களுள் சிலர், கால்நடைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற என் வீட்டு வாசலுக்கும் வருவதுண்டு. பெரும்பாலும் ஆடும் மாடும்தான். சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு குதிரைக்குட்டி வந்தது. மாமல்லபுரம் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையேற்றிப் பிழைக்கும் ஓர் இளைஞன், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. திருப்போரூர் வழியாகக் 'குட்டியானை' வண்டியில் குதிரையை ஏற்றி வந்திருந்தான். உடன் அவன் தந்தையும் வந்திருந்தார். வாங்கிய பணத்தில் பெரும்பகுதி வட்டிக்கு எடுத்தது.

அவர்களை அழைத்து வந்தது குட்டியின் கால் அன்று. நெற்றியில் இருந்த சுழி. தெருவில் யாரோ ஒருவர், இந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். வீட்டில் அன்றிலிருந்து உலை சரியாக ஏறவில்லையாம். சுழி பார்க்கும் வழக்கம் நேற்று வந்ததன்று. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரமே சுழிகளுக்கு நல்லதும் தீயதும் வகுத்துச் சொல்கிறது. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் அந்நூலை அச்சிட்டும் இருக்கிறது. ஆயினும் மயிர் எந்தப் பக்கம் சுருண்டால் என்ன? எலும்பு அதைக் கேட்டா வளர்கிறது?

குட்டியைச் சமதரையில் நிறுத்தச் சொன்னேன். குதிரையைப் பார்ப்பவன் முதலில் அதைத் தொடக்கூடாது. பத்தடி தள்ளி நின்று முழு உருவத்தையும் பார்க்க வேண்டும். நல்ல கழுத்து, தெளிந்த கண், ஆழ்ந்த மார்பு, போதிய சரிவுள்ள தோள். குளம்புக்கு மேலுள்ள கணுவும் ஏறக்குறைய அதே சரிவில் நின்றது. நடக்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவது அந்தச் சரிவுதான். பின்புறம் தோள்மேட்டைவிட உயர்ந்திருந்தது. இரண்டு வயதுக் குட்டிக்கு அது இயல்பு. பின்பக்கம் முந்தி வளரும், முன்பக்கம் பிறகு எட்டிப் பிடிக்கும். குளம்பின் முனை நீண்டு கிடந்தது. லாடக்காரரின் கத்திக்கு அது ஒரு நாள் வேலை.

பிறகு முன்னங்காலைப் பார்த்தேன். முன்னிருந்து நோக்கினால் தோள்முனையிலிருந்து விட்ட தூக்குநூல் போல நேராக இருந்தது. பக்கவாட்டில் நோக்கியபோதுதான் முட்டி நேர்கோட்டில் நில்லாமல் பின்னோக்கி உள்வாங்கியிருப்பது தெரிந்தது. முட்டி சற்று முன்தள்ளி நின்றால் பல குதிரைகள் காலமெல்லாம் உழைத்துவிடும். பின்வாங்கிய முட்டி அப்படியன்று. குதிரை தன் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. ஓடும்போது அந்த மூட்டின் முன்புறச் சிற்றெலும்புகள் நசுங்கும். பின்புறத் தசைநாண்கள் இழுபடும். அதுவும் கால் புதையும் கடற்கரை மணலில், ஒருவர் இறங்க ஒருவர் ஏற, நாள் முழுதும்! இந்தக் குறை வளர்ச்சியில் மாறாது, மருந்தும் இல்லை.

எங்கள் ஊர்ப் புறங்களில் ஐயனாருக்கு நேர்ந்துவிடும் மண்குதிரைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. குயவர் தூண் தூணாகக் கால் வைத்துவிடுகிறார்.

இனி இதை எப்படிச் சொல்வது? வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடிவிட்டார்கள். அவர்கள் முன்னால் சொன்னால், மாலைக்குள் கடற்கரையெங்கும் 'முட்டி கெட்ட குதிரை' என்ற பெயர் பரவும்; நாளை விற்க நேர்ந்தால் பாதி விலைக்கும் போகாது. மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரம், சகோதரனின் குற்றத்தை முதலில் தனித்திருக்கையில் எடுத்துக்காட்டச் சொல்கிறது. குற்றமே செய்யாத குட்டிக்கும் அந்தச் சலுகை உண்டு என்று எனக்குப் பட்டது. இளைஞனையும் தந்தையையும் கொல்லைப்புறம் அழைத்துச் சென்றேன்.

முதலில் சுழியைத் தள்ளினேன். அச்சம் நீங்கினாலன்றி மற்றது காதில் ஏறாது. பின்னர் நல்லவற்றைச் சொன்னேன். ஆறுதலுக்காக அன்று, அவை உண்மை என்பதற்காக. வளர வளரச் சரியாவது எது, கத்தியால் சரியாவது எது, என்றும் சரியாகாதது எது என்று பிரித்துச் சொன்னேன். முட்டியைச் சொன்னபோது அவனையே குனிந்து பார்க்கச் செய்து, அவனுடைய பழைய குதிரையின் முட்டியை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை.

"காணும் பொங்கலுக்கு இறக்கலாம்னு இருந்தேன், ஐயா."

"நாலு வயது வரை ஆள் ஏற்றாதே. முட்டிக்கு மேலுள்ள எலும்பின் வளர்முனை மூடவே இரண்டரை வயது ஆகும். முதுகெலும்புக்கு ஐந்துக்கு மேலும் ஆகும். அதற்குப் பிறகும் மணலில் ஓட்டம் வேண்டாம். மெதுநடையாகக் குழந்தைகளை ஏற்று. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கொண்டு போ. இதன் கழுத்தழகுக்கு ஊர்வலத்தில் நல்ல மதிப்பு வரும்."

தந்தை ஒப்பவில்லை. "வட்டி நிக்குமாய்யா? அதுவும் இப்பவே அடக்கலேன்னா முரடாயிடும். கோயில்ல பிரசங்கத்துலகூடச் சொன்னாங்களே" என்றார். அவர் குறிப்பிட்டது சீராக்கின் ஞானம் முப்பதாம் அதிகாரம். பழக்காத குதிரை முரண்டு பிடிக்கும் என்பது அங்கே உள்ளதுதான். அவ்வரியைப் பிள்ளைகள் மீது பிரம்பெடுக்கச் சான்றாகக் காட்டுவோரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். குதிரையறிந்தவர்கள் அதை அப்படிப் படிப்பதில்லை. பழக்குதல் வேறு, சுமை ஏற்றுதல் வேறு. கயிற்றில் நடக்கவும், குளம்பைத் தூக்கிக் கொடுக்கவும், முதுகில் சேணத்துணி பொறுக்கவும், இரைச்சலுக்கு மிரளாதிருக்கவும் இன்றே கற்பிக்கலாம். முதுகில் ஆள் மட்டும் காத்திருக்கட்டும். இதைச் சொன்னபோது பெரியவர் மறுக்கவில்லை, ஒப்பியதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் வழியே பெரும் பொருள் கொடுத்து ஆண்டுதோறும் வாங்கிய குதிரைகள், பேணத் தெரிந்தவரின்றி மடிந்ததை எழுதி வைத்தார். லாடம் கட்டுவோர்கூட இல்லையாம். வாங்கும் ஆர்வம் நமக்குப் பழையது.

புறப்படும் முன் ஒரு மூங்கில் கோலைக் கொடுத்து, மாதந்தோறும் தோள்மேட்டின் உயரத்தையும் பின்புற உயரத்தையும் அதில் கீறி வைக்கச் சொன்னேன். பொங்கல் கூட்டத்தில் பழைய குதிரை மட்டுமே மணலில் நடந்தது என்று பிறகு அறிந்தேன். வட்டியைக் கட்ட அவன் இரவில் மீன் வண்டிக்குச் சுமை இறக்கப் போனானாம். தந்தை ஒரு மாதம் அவனுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வைகாசியில் தொலைபேசியில் அழைத்தான். கோலில் இரண்டு கீறல்களும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன என்றான். குரலில் அத்தனை மகிழ்ச்சி. முட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"அது அப்படியேதான் இருக்கு, ஐயா. நான்தான் தினமும் பார்த்துக்கிட்டு வரேன்" என்றான்.