பழவேற்காட்டு கத்ரீன்

கோட்டை என்று ஆட்டோக்காரர் கைகாட்டியது ஒரு முள்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் இன்று மண்மேடும் கருவேலமும்தான் மிச்சம். அருகிலிருக்கும் டச்சுக் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய கற்கள். உள்ளே பெயரும் ஆண்டும் வெட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் சமாதிகள்.

ஏரிப்பக்கம் நடக்கும்போது ரஷ்யாவின் பெத்ரோவ்ஸ்கோயே நினைவுக்கு வந்தது. அங்கேயும் ஏரிக்கரைதான்; கரையில் ஒரு பண்ணை மாளிகை. கவிஞர் புஷ்கினின் தாய்வழிக் கொள்ளுத்தாத்தா ஆப்ராம் கன்னிபால் ஆப்பிரிக்காவில் பிறந்தவர். சிறுவயதிலேயே அடிமையாகி, கான்ஸ்டான்டிநோபிள் வழியாகப் பேரரசர் பீட்டரிடம் வந்து சேர்ந்தார். பிரான்சில் பொறியியல் படித்துத் தளபதியானார். 1742இல் எலிசபெத் பேரரசி அவருக்கு அங்கே நிலம் கொடுத்தார். (அடிமையாக வந்தவர், பின்னாளில் பண்ணையடிமைகளை வைத்திருந்தார் என்பதும் கதையில் உண்டு.) 1918இல் எரிந்த மாளிகையைத் திரும்பக் கட்டி, 1977இல் கன்னிபால் வம்சத்துக்கு அருங்காட்சியகமாக்கினார்கள். கவிஞன் ஒருவன் அந்த வம்சத்தில் பிறக்காமல் போயிருந்தால் இவ்வளவு சிரத்தை எடுத்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கையில்லை.

பழவேற்காட்டுத் துறையிலிருந்து துணி மட்டும் ஏற்றுமதியாகவில்லை. பஞ்ச காலங்களில் விலைபோன மனிதர்களையும் டச்சுக் கப்பல்கள் பத்தேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கொண்டுபோயின. அப்படிப் போனவர்களில் ஒருத்தியை ஆவணங்கள் 'பழவேற்காட்டு கத்ரீன்' என்கின்றன. அடிமையாயிருந்த தன் காதலனைக் கொன்றதாக 1656இல் பத்தேவியாவில் அவளுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அது ஆயுள்கால நாடுகடத்தலாகக் குறைந்தது. 1657இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் கைதியாக இறங்கினாள்; பின்னர் விடுதலையும் கிடைத்தது. அங்கே பிறந்த அவள் மகன் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன் வழியில் வந்ததே இன்று அந்நாட்டில் பரவிக் கிடக்கும் ஸ்னைமன் வம்சம். கன்னிபாலுக்குச் சற்றும் குறையாத கதை. ஆனால் அவளைக் கப்பலேற்றிய கம்பெனிக்குத்தான் இங்கே சமாதிகள் நிற்கின்றன. முள்காட்டில் அவள் பெயருக்கு ஒரு பலகையாவது வேண்டும்.

படகில் ஏறியதும் ஓட்டிய பெரியவரிடம் கத்ரீன் கதையைச் சொன்னேன். இங்குள்ள சில குப்பங்களில் ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைப் 'பாடு' என்று முறைவைத்து, தலைக்கட்டுகளுக்குள் குலுக்கிப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். பாட்டன் வழியில் வரும் உரிமை அது. அவருக்கு அந்த உரிமையைப் பற்றிய கவலைதான் முதலில் வந்தது.

"நம்மூரு பொம்பளையா? எந்தத் தலைக்கட்டு?"

"அதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதலைங்கய்யா."

துடுப்பை நிறுத்தி யோசித்தார். "பொம்பளைக்குப் பாடு கெடையாது தம்பி. பேரப்பசங்க வந்தா ஊர்ல பேசிப் பாக்கலாம்."