பம்பாயில் ஒரு பாட்டு யாத்திரை

1995-ஆம் ஆண்டு முதல் மும்பை என்று வழங்கும் இந்நகரை நம் இல்லங்களில் இன்னமும் பம்பாய் என்றே சொல்லி வருகிறோம். அந்தப் பம்பாயின் உள்ளூர் ரயில் வண்டியில், அதிலும் கல்யாண் பக்கத்திலிருந்து காலை வேளையில் வரும் வண்டியில், இடித்துப் பிடித்து ஏறிய நேயர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானதாக இருக்கும். பெட்டியின் ஒரு மூலையில் அலுவலகம் செல்லும் பத்துப் பதினைந்து பேர் கூடி நிற்பார்கள். ஒருவர் பையில் கைவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை ஒதுக்கிவிட்டு ஜால்ராவை எடுப்பார். மற்றொருவர் பெட்டியின் பலகையிலேயே தாளம் போடத் தொடங்குவார். பிறகு அபங்கம் கிளம்பும். மூச்சு விடவும் இடமில்லாத அந்தப் பெட்டியில் மூச்சை இழுத்துப் பிடித்துப் பாடுவார்கள். தாதர் வந்ததும் ஜால்ரா பைக்குள் போய்விடும். பாடியவர்கள் படிக்கட்டுகளில் ஓடுவார்கள்.

உறக்கம் கெடுகிறதென்று இவர்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. நானும் பல ஆண்டுகள் அவ்வாறு சுளித்தவன்தான். என் மனம் மாறியதற்குக் காரணம் என் தாயார்.

என் தந்தையார் காலமான பிறகு, கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் தனியே இருந்த அம்மாவைச் செம்பூருக்கு அழைத்து வந்தேன். நான்காம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வீடு. காலையில் நானும் மனைவியும் அலுவலகம் சென்றுவிடுவோம். மகள் பள்ளிக்குப் போய்விடுவாள். வந்த புதிதில் அம்மா ஓரிரு வார்த்தைகள் பேசினாள். பின்னர் அதுவும் நின்றது. கேட்ட கேள்விக்குத் தலையசைப்பாள். எழுபது வயதில் கணவனையும் ஊரையும் ஒருங்கே இழந்தவள் வேறு எப்படி இருப்பாள் என்று எண்ணி நாங்களும் விட்டுவிட்டோம். மருத்துவர் உறக்கத்திற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான்கு மாதங்கள் சென்றன. எங்கள் வீட்டில் அம்மாவின் குரல் என்று ஒன்று இருந்ததே எனக்கு மறந்து போகும்படி ஆயிற்று.

எதிர்வீட்டில் ஒரு மராத்தியக் கிழவி இருக்கிறார். குழந்தைகளெல்லாம் அவரை ஆஜி என்று அழைப்பார்கள். ஆஜி என்றால் பாட்டி. அவருக்குத் தமிழ் தெரியாது; அம்மாவுக்கு மராத்தி தெரியாது. ஆஷாட ஏகாதசியன்று அவர் வீட்டில் பஜனை. அன்று பண்டரிபுரத்தில் மட்டுமன்றி, பம்பாயிலேயே வடாலா விட்டல் கோயிலிலும் கூட்டம் அலைமோதும். போக இயலாத பெண்கள் வீடுகளில் கூடிப் பாடுவார்கள். ஆஜி வந்து, ஒன்றும் பேசாமல், அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

சற்று நேரம் கழித்து என் மகள் ஓடி வந்தாள். "அப்பா, பாட்டி பாடுகிறாள்!" என்றாள். நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தேன். மராத்தியப் பெண்கள் வட்டமாக அமர்ந்து துகாராமின் அபங்கம் ஒன்றைப் பாட, அவர்கள் நடுவே அம்மா கண்களை மூடி, தொடையில் தாளமிட்டு, ஓரடிகூட விடாமல் உடன் பாடிக் கொண்டிருந்தாள். உச்சரிப்பு மட்டும் காவேரிக் கரை உச்சரிப்பு. பாட்டு முடிந்ததும் ஆஜி வியப்புடன் ஏதோ கேட்டார். அம்மாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்து, "ஏண்டா, இது எங்கள் ஊர்ப் பஜனை மடத்துப் பாட்டு அல்லவா? இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

நான்கு மாதங்களுக்குப் பின் அம்மா பேசிய முதல் முழு வாக்கியம் அது.

அவள் கேட்ட கேள்விக்கு விடை சரித்திரத்தில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான ஏகோஜி தஞ்சையைக் கைக்கொண்டார். அவர் வழியினரின் அரசு 1855 வரை நீடித்தது. அந்த அரசோடு மராத்தியக் கீர்த்தனக்காரர்களும், சமர்த்த ராமதாசரின் வழிவந்த மடத்தார்களும் காவேரிக் கரைக்கு வந்தார்கள். அதே நாட்டில் கோவிந்தபுரத்துப் போதேந்திராளும் திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளும் நாமசங்கீர்த்தனத்தைப் பரப்பினார்கள். மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் பஜனைக்கு ஒரு முறை வகுத்தார். அம்முறையில் ஜெயதேவரின் அஷ்டபதியும், நாராயண தீர்த்தரின் தரங்கமும், அவற்றோடு துகாராம், நாமதேவர் முதலியோரின் அபங்கங்களும் இடம் பெற்றன. பொருள் அறியாமலே நம்மவர்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். என் தாயாரின் பிறந்த ஊர் மருதாநல்லூருக்கு அருகில்தான். அவள் காலத்தில் பெண்பிள்ளைகள் மடத்தில் அமர்ந்து பாடுவதில்லை. மடத்துச் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டதுதான் அவ்வளவும். அறுபது ஆண்டுகளாக மனத்துள் கிடந்த பாட்டை அவள் பிறர் நடுவில் வாய்விட்டுப் பாடியது செம்பூரில், ஆஜியின் வீட்டில்தான்.

அதன் பிறகு அம்மாவின் முகம் தெளிந்தது. மாத்திரை தானே நின்றது. சென்ற மார்கழியில், கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறன்று, "எங்கெங்கே பாடுகிறார்களோ அங்கெல்லாம் கூட்டிக் கொண்டு போ" என்று அவள் கேட்க, இருவரும் விடியுமுன் புறப்பட்டோம்.

முதலில் மாதுங்கா. பாலக்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்தவர்கள் வேர் ஊன்றிய பேட்டை இது. கொச்சு குருவாயூர் என்று வழங்கும் ஆஸ்திக சமாஜம் 1923-இல் தோன்றியது. கோயிலைச் சுற்றிலும் பூக்கடைகள். இருட்டிலேயே மல்லிகையும் துளசியும் மணக்கின்றன. பக்கத்துத் தெருவில் பஜனைக் கோஷ்டி ஒன்று வந்தது. முன்னே ஒருவர் தோளில் ஆர்மோனியம், பின்னே மிருதங்கம், அதன் பின்னே ஐம்பது அறுபது பேர். அம்மாவுக்கு இரண்டு தெருக்களுக்கு மேல் நடக்க இயலவில்லை. ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கொண்டாள். பாட்டை மட்டும் விடவில்லை.

மாதுங்காவைப் பற்றி எழுதுபவர் ஷண்முகானந்த சபையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1952-இல் தொடங்கிய அச்சபை, 1963-இல் ஆயிரக்கணக்கானோர் அமரும் மண்டபத்தை எழுப்பியது. 1990-இல் அது தீக்கிரையாகி, மீண்டும் கட்டப் பெற்றது. பெரிய வித்துவான்களை நான் கேட்டதெல்லாம் அங்கேதான். ஆயினும் ஒன்று சொல்வேன். அங்கே முப்பது ஆண்டுகள் டிக்கட்டு வாங்கி உட்கார்ந்து நான் ராகத்தையும் கற்பனைச் சுரத்தையும் விமரிசித்திருக்கிறேனே ஒழிய, ஒருமுறையும் பாடியதில்லை. கேட்கத் தெரிந்தவன் என்ற கர்வமே என் வாயை அடைத்து வைத்திருந்தது. அந்த வாசற்படியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதன்முதலாக நானும் சேர்ந்து கொண்டேன். குரல் கட்டைக்குரல், சுருதி எங்கோ போயிற்று. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கால்மணி நேரத்தில் மார்பில் ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

இது வெறும் பக்திப் பரவசம் என்று எண்ண வேண்டா. 2001-இல் இத்தாலி நாட்டுப் பவியா நகரத்து மருத்துவ ஆராய்ச்சியாளர்கள், இருபத்துமூன்று பேரைக் கத்தோலிக்கரின் ஜெபமாலை மந்திரத்தையும் யோக மந்திரம் ஒன்றையும் தனித்தனியே ஓதச் செய்து பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஆறு என்ற அளவுக்குத் தணிந்தது. அந்த நிதானத்தில் இரத்த ஓட்டத்தைச் சீர்செய்யும் உடலின் இயல்பு வலுப்படுவதையும் கண்டார்கள். 2013-இல் ஸ்வீடன் நாட்டில் கோதன்பர்க் பல்கலைக் கழகத்தார், சேர்ந்து பாடும் இளைஞர்களின் நாடியை அளந்தபோது, இதயத் துடிப்பு ஒன்றாக விரைந்து ஒன்றாகத் தணியக் கண்டார்கள். ஒரே இடத்தில் மூச்சு வாங்கி ஒரே நீளத்திற்கு விடுவதே இதன் இரகசியம். நாமாவளியில் தலைவர் ஓரடி பாட, மற்றவர் வாங்கிப் பாடும்போது நிகழ்வது வேறென்ன? நீண்ட அடியைப் பாடி முடிக்க மூச்சை மெல்ல மெல்ல விட்டாக வேண்டும். மெல்ல விடும் மூச்சில் நாடி இறங்குகிறது. நம் வீடுகளில் துக்கத்தையும் தனிமையையும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குபவர்கள் பலர். அவர்களுக்கு யாராவது இதைச் சொன்னால் நல்லது.

மாதுங்காவை அடுத்த ரயிலடி சயான். அங்கிறங்கி மேற்கே சென்றால் தாராவி. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: முப்பது ஆண்டுகள் பம்பாயில் இருந்தும் அன்றுவரை நான் தாராவிக்குள் கால் வைத்ததில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கென வந்தவர்கள் சதுப்பு நிலத்தை மேடாக்கிக் கட்டிய ஊர் அது. பொங்கலன்று தொண்ணூறடிச் சாலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் வரிசையாகப் பானை வைப்பதைப் பத்திரிகையில் படம் பார்த்துத் "தமிழ்ப் பண்பாடு" என்று மகிழ்ந்திருக்கிறேன். நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்ததைப் போய்ப் பார்க்கவில்லை. என் அலுவலக நண்பர் ஒருவர், நெல்லைக் கிறிஸ்தவர், பல முறை அழைத்தும் சாக்குச் சொல்லி வந்தேன். அம்மா உடன் இருந்ததால் அன்று சாக்குக் கிடைக்கவில்லை.

சந்துகள் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலந்தான். மேலே மின்கம்பிகள், அவற்றின் ஊடே காகிதத்தால் செய்த நட்சத்திர விளக்குகள். ஒரு வீட்டு மாடியில் பத்துக் குடும்பத்தார் கூடிப் பண்டிகைக்குப் பாட்டுப் பழகிக் கொண்டிருந்தார்கள். தபேலா, ஆர்மோனியம், குழந்தைகளின் கையில் கஞ்சிரா. நண்பரின் தாயார் அம்மாவை, "வாங்கம்மா, உக்காருங்க" என்று அருகே இருத்திக் கொண்டார். பாடியது வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை. இரண்டாம் அடியிலேயே அம்மா என் பக்கம் சாய்ந்து, "ஆனந்தபைரவி" என்றாள். சாஸ்திரியார் 1774-இல் பிறந்தவர், திருநெல்வேலிக்காரர், தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னரின் இளமைத் தோழர். அபங்கம் வந்து சேர்ந்த அதே மராத்திய அரசின் நிழலில்தான் கிறிஸ்தவக் கீர்த்தனையும் வளர்ந்திருக்கிறது. இதை நான் சொன்னபோது நண்பரின் தாயார், "அப்படியா! எங்களுக்கு அவர் தாத்தாவோட தாத்தா மாதிரி" என்றார்.

அம்மாவுக்கு அந்தப் பாட்டு தெரியாது. ஆயினும் பல்லவியை மூன்றாம் முறை பாடும்போது உதடு அசைந்தது. ஐந்தாம் முறை குரல் வந்தது. பின்னர் இருவரும் அருகருகே உட்கார்ந்து நீண்ட நேரம் பேசினார்கள். பேச்சு பெரும்பாலும் காலமான கணவர்களைப் பற்றியது. தன் தந்தையாரைப் பற்றி அம்மா பிள்ளைகளிடம் சொல்லாததையெல்லாம் அங்கே சொன்னாள் என்று நண்பர் பிறகு என்னிடம் தெரிவித்தார். என் தந்தையாரைப் பற்றியும் சொன்னாளாம். நான் எழுந்து வெளியே போயிருந்தேன்.

தாராவியைப் புதிதாகக் கட்டும் திட்டம் நடைபெற்று வருகிறது. அங்குள்ளோர் வாயில் எப்போதும் அதே பேச்சு. நண்பர் வீட்டாரும், யாருக்கு எந்த மாடி, எந்தப் பேட்டை என்பது தெரியாமல் காத்திருக்கிறார்கள். "வீடு எங்கே கொடுத்தாலும் போவோம் சார். இந்தப் பத்து வீடும் ஒரே இடத்தில் இருக்குமா என்பதுதான் கவலை. நாலு பேர் இல்லாமல் எப்படிப் பாடுவது?" என்றார் அவர். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாலையில் குர்லா வழியாகச் செம்பூர் திரும்பினோம். சேடா நகரில் படிகளேறிச் செல்லும் திருச்செம்பூர் முருகன் கோயில் இருப்பதை நேயர்கள் அறிவார்கள். அன்று அம்மாவின் கால்கள் படிகளுக்கு இடம் கொடுக்கவில்லை. கீழே நின்றே கும்பிட்டாள். எங்கள் குடியிருப்பில் ஞாயிறு மாலைகளில் குழந்தைகளுக்குத் திருப்புகழ் வகுப்பு நடக்கிறது. அங்கே உட்கார்ந்து கொண்டாள்.

அருணகிரிநாதரின் சந்தம் பெரியவர்களையே மூச்சு வாங்க வைக்கும். வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடி 1894-இல் முதற்பகுதியை அச்சிட்டிராவிட்டால் இந்தப் பாட்டுக்களில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்குமோ! குழந்தைகள் பயப்படாமல் பாடுகிறார்கள். ஆனால் அவர்கள் கையிலுள்ள நோட்டுப் புத்தகங்களில் திருப்புகழ் தேவநாகரி எழுத்தில் இருக்கிறது. பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும். தமிழ் எழுத்து பலருக்குத் தெரியாது. தேவநாகரியில் குறில் எகரத்திற்கும் ஒகரத்திற்கும் வழக்கமான எழுத்தில்லை. ழகரத்தை ளகரமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகையால் என் மகள் வாயில் புகழ் 'புகள்' ஆகிவிடுகிறது. இதை நான் மூன்று வருடங்களாகக் கேட்டும் திருத்தியதில்லை. பாடுகிறாளே, அது போதும் என்றிருந்தேன்.

அன்றிரவு அம்மா பேத்தியைக் கூப்பிட்டாள். நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று தன் வாயைத் திறந்து காட்டினாள். குழந்தை சிரித்தாள், பத்துத் தடவை தவறினாள், பதினோராம் தடவை ழகரம் வந்தது. பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா பெரிதாக ஒரு 'ழ' எழுதிக் கொடுக்க, குழந்தை அதைப் பார்த்து எழுதினாள். சுழி பக்கவாட்டில் புரண்டு கிடந்தது. அழிப்பதற்கு ரப்பரைத் தேடினாள்.

"அது இருக்கட்டும், நாளைக்குத் திருத்திக் கொள்ளலாம். முதலில் அந்த அடியைப் பாடு" என்றாள் அம்மா.

எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பாட்டுக் குரல் கேட்டு ஆஜி, கையில் ஜால்ராவுடன், எங்கள் வாசலில் வந்து நின்றார்.