ரெண்டு ஆறு

ஆடித்தபசு நாட்களில் சங்கரன்கோவில் ரத வீதியில் நடக்கிற பெண்கள் சாமி பார்க்கப் போகிறார்களா, வளையல் பார்க்கப் போகிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள். நாங்கள் கடைக்குக் கடை நிற்கிறோம். போன ஆடியில் அப்படி நின்ற ஒரு கடையில்தான் அந்தக் காப்பை வாங்கினேன். கறுத்த வெள்ளி நிறம், இரண்டு விரல் அகலம், வாய் திறந்த காப்பு. நூற்றைம்பது சொன்னார். நூற்றிருபதுக்குக் கொடுத்தார்.

திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அகநானூறு நடத்தவேண்டிய நேரத்தில் முதல் பத்து நிமிடத்தைக் காப்பு எடுத்துக்கொண்டது. எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு, கறுத்துப்போகுமா? கேட்டவர்களில் பாதிப்பேர் விசைத்தறி ஓடும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். வாரக் கூலியில் நூறு ரூபாயை ஒதுக்கி, கையில் ஒன்று எடுப்பாகத் தெரியவேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள். அந்த ஆசையை அற்பம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெரிதாக ஒன்று போட்டால் அது ஒன்று போதும், அடுத்த கை சும்மா இருக்கட்டும். கட்டம் போட்ட பருத்திச் சேலைக்கு வேலைப்பாடு இல்லாத பட்டைக் காப்பு, வெற்றுச் சேலைக்குப் பூ வேலை செய்தது. ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். நிக்கல் சிலருக்கு அரிக்கும். உள்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சுப் பூசிப் பார்க்கலாம், அப்படியும் அரித்தால் விட்டுவிட வேண்டியதுதான். பழைய பிளாஸ்டிக் வளையல் மூன்றைச் சேர்த்து ஒட்டி, வீட்டில் கிடக்கும் மிச்ச நூலை நெருக்கமாகச் சுற்றினால் செலவே இல்லாமல் பட்டை வளையல் கிடைக்கும். சோப்புத் தண்ணீர் பட்டால் மெருகு போய்விடும், பாத்திரம் கழுவும்போது கழற்றிவிடுங்கள் என்றேன்.

"அப்ப எப்ப மேடம் போடுறது?" என்றாள் கடைசி பெஞ்சில் ஒருத்தி.

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரமானது.

அளவு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு என்று கடைக்காரர் சொல்வது தசமக் கணக்கு இல்லை. ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கணக்கு. 2.4 என்றால் குறுக்களவு இரண்டே கால் அங்குலம், 2.8 என்றால் இரண்டரை. ஆகவே 2.10 என்பது 2.8ஐவிடப் பெரியது. கணிதம் படிக்கிற பெண்ணே இதில் தடுமாறிப்போய் எட்டு போதுமென்று வாங்கிக்கொண்டு, சோப்பு நுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி வளையல் இன்னும் மலிவு. நம் ஊர்ப் பெட்டிகளில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி உத்தரப்பிரதேசத்து ஃபிரோசாபாத்திலிருந்து வருகிறது. உலையில் இழுத்த கண்ணாடிச் சுருளை வெட்டிய பிறகு, ஒவ்வொரு வளையத்தின் இரு முனைகளையும் தீச்சுடரில் காட்டி ஒட்டவேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் வீட்டுக்குள் உட்கார்ந்து பெண்கள் செய்கிறார்கள், எண்ணிக்கைக் கூலிக்கு. அவர்கள் கண்ணும் நுரையீரலும் அந்தச் சுடருக்கு முன்னால்தான். டஜன் விலையில் அவள் பங்கு எவ்வளவு என்று நினைத்தால் பேரம் பேச நா எழாது. ஆனாலும் பேசுகிறேன்.

மிச்ச நேரத்தில் அகநானூற்றுக்கு வந்தோம். 24ஆம் பாட்டில் வேள்வி செய்யாத பார்ப்பனன் ஒருவன் சங்கை அரத்தால் அறுத்து வளையல் செய்கிறான். கொற்கையிலும் கீழடியிலும் மண்ணுக்கடியில் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருடம் இந்த மண்ணில் பெண் கை வெறுமையாக இருந்ததில்லை என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். இருந்திருக்கிறதே. புறநானூறு 250இல் தாயங்கண்ணியார் காட்டும் பெண்ணுக்குக் கூந்தல் இல்லை, தொடி இல்லை, அல்லியரிசிதான் உணவு.

அந்தப் பாட்டை நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். மாணவிகள் கலங்கும்படி நடத்துவேன் என்று பெயர். ஒன்பது வருடத்துக்கு முன் அப்பா இறந்தார். காரியத்தன்று அம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்து, பூ வைத்து, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கி, பிறகு அத்தனையையும் எடுத்தார்கள். எடுத்தவர்களும் பெண்கள்தான், ஏற்கெனவே வெறுங்கையானவர்கள். முனைவர் பட்டம் வாங்கிய மகள் கதவோரம் நின்றேன். என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. 'வேண்டாம் பெரியம்மா' என்று இரண்டு சொல் போதும். அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லாதவரைக்கும் அது எப்படித் தெரியும்?

2022 மே மாதம் மகாராஷ்டிராவில், கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் கிராமப் பஞ்சாயத்து, கணவன் இறந்த பெண்ணின் வளையலை உடைப்பது, பொட்டை அழிப்பது போன்ற சடங்குகள் இனி வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. பின்னாலேயே அந்த மாநில அரசும் மற்ற ஊர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. செய்தித்தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "நல்லதுதான்" என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வகுப்பு முடிந்த அன்று சாயங்காலம் அதே கடைக்குப் போனேன். அம்மாவுக்கு அப்போதெல்லாம் ரெண்டு ஆறு. இப்போது என்ன அளவென்று யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. வாய் திறந்த காப்புக்கு அளவு வேண்டாம் என்பதால் அதையே இன்னொன்று எடுத்தேன்.

"என்னட்டி இது, எனக்குப் போயி வளையலு?"

"வளையல் இல்லம்மா. காப்பு. ஆம்பளையும் போடுறதுதான்."

வாதத்தில் நேர்மை இல்லை என்று எனக்குத் தெரியும். வளையலே போடலாம் என்றுதான் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் அவள் கையை நீட்டிவிட்டாள். அழுத்தி வாயைக் குறுக்கியும் நிற்கவில்லை, மணிக்கட்டிலிருந்து நழுவியது. மெலிந்த கையிலிருந்து வளை கழல்வதைக் காதலுக்கு அடையாளமாக எத்தனை வருடம் பாடம் சொல்லியிருக்கிறேன்! அம்மாவின் கை எப்போது இவ்வளவு மெலிந்ததென்று நான் கவனிக்கவே இல்லை. இன்னொரு முறை அழுத்தினேன். நின்றது.

கல்யாண வீட்டுக்குப் போகும்போது கழற்றி அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள். வீட்டுக்குள் போட்டிருக்கிறாள். மாவு பிசையும்போது முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்கிறாள். போன வாரம் விலை கேட்டாள், சொன்னேன்.

"நூத்திருவதா? நூறுக்குக் கேட்டிருக்கணும்" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "எதிர்வீட்டு மதினி கேட்டா. அவளுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா. அவ கை பருத்த கை, பாத்து எடு."