இரண்டு புள்ளிகள்

விடைத்தாள் திருத்தும்போது ஆசிரியனுக்கு ஓர் அரச அதிகாரம் வந்துவிடுகின்றது. சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டால் அதற்கு மேல் முறையீடு இல்லை. அவ்விதம் நான் இழுத்த ஒரு கோட்டைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன்.

உயர்தர வகுப்பில் நொதியங்களைக் கற்பித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. பார்லித் தானியம் முளைக்கும்போது அதனுள் டயஸ்ரேசு என்னும் நொதியம் பெருகி, மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றது. பிரான்சிய இரசாயன அறிஞரான பேயன், பெர்சோ இருவரும் 1833இல் இதனை மோல்ற்றிலிருந்து பிரித்தெடுத்தனர். மோல்ற் என்பது வேறொன்றுமன்று. நீரில் ஊறவைத்து, முளைகட்டி, முளை மேலும் வளராதபடி சூட்டில் உலர்த்திய தானியமே. நம் பிள்ளைகள் பாலிற் கலந்து குடிக்கும் ஹோர்லிக்சிலும் அது உண்டு. இங்கிலாந்துத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அருந்திவந்த 'மைல்ட்' என்னும் பியரும் அதிலிருந்தே பிறந்தது. மதுவைத் தொட்டறியாத நான் அதனை உதாரணமாக எடுத்துக்கொண்டு, "மைல்ட் என்றால் மென்மையானது, ஆதலால் மதுசாரம் குறைந்தது, கறுத்த மோல்ற் சேர்ப்பதால் கருநிறமானது" என்று அழுத்தந்திருத்தமாகக் கூறிவைத்தேன்.

தவணைப் பரீட்சையில் அதையே வினாவாகவும் கேட்டேன். ஒரு மாணவன் மட்டும், மைல்ட் என்பது நாட்பட வைக்காத புதிய பியர் என்றும், முற்காலத்தில் அது வெளிர்நிற மோல்ற்றினாலேயே ஆக்கப்பட்டதென்றும் எழுதியிருந்தான். இரண்டு புள்ளிகளை வெட்டினேன்.

"சேர், வாசித்ததைத்தான் எழுதினேன்" என்றான்.

"நான் படிப்பித்ததை எழுதியிருக்கலாமே" என்றேன். அவன் தலையசைத்துவிட்டுப் போய் அமர்ந்தான். எதிர்த்துப் பேசியிருந்தால் மறந்திருப்பேன். அந்தத் தலையசைப்புத்தான் வீடுவரை என்னோடு வந்தது.

அந்த வாரம் தேடித் தேடி வாசித்தேன். பையன் சொன்னதே சரி. 'மைல்ட்' என்பது அக்காலத்தில் பலத்தைக் குறித்த சொல்லன்று. வயதைக் குறித்த சொல். மாதக்கணக்கில் பீப்பாவில் வைத்துப் புளிப்பேறியது பழையது. ஆக்கிய சில வாரங்களில் விற்பனைக்கு அனுப்பப்பட்டது மைல்ட். இலண்டன் பியர் ஆலைகளின் பழைய கணக்குப் பதிவுகள் அந்நகர ஆவணக்காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. 1830களில் எக்ஸ் என்ற ஒற்றை எழுத்தாற் குறிக்கப்பட்ட சாதாரண மைல்டே வெளிர்நிற மோல்ற்றினால் ஆக்கப்பட்டது. நீரின் அடர்த்தியை 1,000 என்று கொண்டால், நொதிக்குமுன் அதன் சாறு 1,070 அளவில் இருந்தது. இன்றைய சாதாரண பியரிலும் அது பலமானது. இதையா மென்மையானது என்றேன்!

இதில் என்னை வெட்கப்படச் செய்தது வரலாறன்று, இரசாயனமே. மோல்ற்றைக் கடுமையாக வறுக்க வறுக்க நொதியம் அழிகின்றது. டானியல் வீலர் என்பவர் 1817இல் உரிமைப்பத்திரம் பெற்ற, உருளையில் இட்டு வறுக்கும் முறையால் வரும் கறுத்த மோல்ற்றில் நிறமுண்டு, காப்பி போன்ற கசப்புண்டு; மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் ஆற்றல் சிறிதுமில்லை. கறுப்புப் பியராயினும் அந்த வேலையைச் செய்வது வெளிர்நிற மோல்ற்றே. நொதியம் வெப்பத்தால் அழியும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் நான் இதனை யோசித்திருக்கவேண்டாமோ? 'பளிங்கு மோல்ற்' என்பது இன்னும் விசித்திரமானது. ஈரம் உலராமலே சூடேற்றுவதால், தானியத்தின் உமிக்குள்ளேயே மாப்பொருள் சர்க்கரையாகிப் பின் ஆறும்போது கற்கண்டுபோல் இறுகுகின்றது. ஒவ்வொரு மணியும் ஒரு சிறு சோதனைக்குழாய்!

கருமை பின்னர் வந்தது. 1880இல் கிளாட்ஸ்ரன் மோல்ற் வரியை நீக்கி, சாற்றின் அடர்த்திக்கேற்பப் பியருக்கு வரி விதித்தார். எப்பொருளைக் கொண்டும் பியர் ஆக்கும் சுதந்திரம் அதனால் கிடைத்தது. சோளம், கருஞ்சர்க்கரை, எரித்த சர்க்கரை, பளிங்கு மோல்ற் எல்லாம் மைல்டுக்குள் புகுந்தன. சற்று மிகுந்த சூட்டில் உலர்த்திய 'மைல்ட் மோல்ற்' என்ற தனிவகையும் வழங்கிற்று. அந்நூற்றாண்டின் இறுதியிலிருந்து நிறம் படிப்படியாகக் கறுத்தது. பலத்தைக் குறைத்தவை போர்களும் வரிகளுமே. முதலாம் உலகப்போரில் தானியம் ரொட்டிக்கு வேண்டியதாயிற்று. முன்னர் 1,050ஐ அண்டியிருந்த மைல்ட், 1930களில் 1,040க்குக் கீழே இறங்கிவிட்டது. வரி வாங்கியவர்கள் மெலியச் செய்ததை, பெயரிலேயே இருந்த மென்மை என்று நான் போதித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை வகுப்பில் இவ்வளவையும் சொன்னேன். அந்த விடைத்தாளைத் திருப்பி வாங்கி, என் சிவப்புக் கோட்டின்மேல் நானே கோடிட்டு இரண்டு புள்ளிகளையும் சேர்த்தேன். வகுப்பு கைதட்டியது. அவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "மற்றவர்களுக்குக் குறைக்கமாட்டீர்கள்தானே, சேர்?" என்று கேட்டான். நான் சொன்னதை எழுதியவர்களை நான் எப்படித் தண்டிப்பது? குறைக்கவில்லை.

ஆயினும் அவ்விரண்டு புள்ளிகளால் அவன் மூன்றாமிடத்திலிருந்து இரண்டாமிடத்துக்கு ஏறினான், இரண்டாமிடத்திலிருந்தவன் இறங்கினான். இறங்கியவனுடைய தகப்பனார் மறுநாள் மணியடிக்குமுன்பே ஆசிரியர் அறை வாசலில் குடையுடன் நின்றார். திருநீறு துலங்கும் நெற்றியுடன் நின்ற அந்தப் பெரியவரை அமரச் செய்து, ஆங்கிலேயரின் பியரைப் பற்றி ஆதியோடந்தமாக விளக்கலானேன்.